குளிரில் அடம்பிடிக்கும் ஏடிவி: கேள்வி பதில்

குளிர் ஆரம்பித்துவிட்டது, ஏடிவி (கரடுமுரடான பாதையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) பற்றிய கேள்விகளும் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பட்டனை அமுக்கினால் என்ன சத்தம் வருகிறது என்று எழுதுங்கள். இன்ஜின் முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரி, கேபிள், ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். விறுவிறுவென்று சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்ரோல், பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பக்கம். இதைப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: அண்ணே, மல்டிமீட்டரில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது. ஆனால் பட்டனை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: சும்மா இருக்கும்போது எடுத்த அளவை நம்பாதீர்கள் தம்பி. மீட்டர் முனைகளைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஈய அமில பேட்டரி மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் தன் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். இரண்டு பக்கமும் அடி.

அமுக்கியும் 12-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் கரண்ட் ஸ்டார்ட்டர் வரை போய்ச் சேரவில்லை. ரிலே (ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), கேபிள் முனைகள், எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கும் இணைப்பு) மூன்றையும் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து, பட்டனை அமுக்கும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு, அதே 'டக்' சத்தத்தைக் கேட்டேன். கடைசியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் கேபிள் முனையில் இருக்கும் லக்குக்கும் வண்டியின் சேஸிஸுக்கும் நடுவே துரு. உப்புத்தாள் போட்டு இரண்டு தேய்ப்பு, பளிச்சென்று செல்ஃப் எடுத்தது.

இன்னொன்று, சார்ஜ் இறங்கிய பேட்டரியைக் குளிரில் விடாதீர்கள். முழு சார்ஜில் உள்ளது எளிதில் உறையாது. காலியானது மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறைந்து ஓடு வெடிக்கலாம். உறைந்ததற்குச் சார்ஜர் மாட்டவே கூடாது.

கேள்வி: சார், கார்புரேட்டர் வண்டி. சோக் போட்டு, ஆக்சிலரேட்டரையும் கொடுத்துக்கொண்டே செல்ஃப் அடிக்கிறேன். 'படபட' என்று பற்றுகிறது, உடனே அணைந்துவிடுகிறது.

பதில்: ஆக்சிலரேட்டரிலிருந்து கட்டைவிரலை எடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான். பல ஏடிவி கார்புரேட்டர்களில் 'சோக்' என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. கூடுதல் பெட்ரோலை உறிஞ்சும் தனிச் சின்ன வழி. த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவு) மூடியிருக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் அதை உறிஞ்ச வைக்கிறது. நீங்கள் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வெற்றிடம் குறைந்து, சோக் போட்டும் போடாத கதை ஆகிவிடும். விரலே படாமல் ஐந்தாறு விநாடி செல்ஃப் அடியுங்கள், கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், மறுபடி அடியுங்கள். பற்றியதும் சத்தம் உயரும். அப்போது சோக்கைப் பாதிக்கு இறக்குங்கள்.

பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருக்கிறதா? அப்போது கதை தலைகீழ். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பற்றிய நொடியில் விரலை விடத் தயாராக இருங்கள்.

கேள்வி: என்னுடையது எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்ஷன்) வண்டி. சோக்கே கிடையாதே?

பதில்: சாவியைத் திருப்பியதும் பம்ப் 'ஊம்ம்' என்று இரண்டு மூன்று விநாடி பாடும். அது நின்ற பிறகு பட்டனை அமுக்குங்கள். பிடிவாதம் பிடித்தால் சாவியை இரண்டு தடவை அணைத்துப் போட்டால் பிரஷர் ஏறிவிடும். அப்படியும் இல்லையென்றால் முதல் பதிலுக்குப் போங்கள். வோல்ட்டேஜ் விழுந்தால் எஃப்ஐ வண்டி ரொம்பவே முரண்டு பிடிக்கும்.

கேள்வி: வெயில் காலத்தில் போட்ட 20W-50 ஆயிலே இருக்கிறது. மாற்றணுமா?

பதில்: மாற்றுங்கள். W-க்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு சின்னதோ, குளிரில் அவ்வளவு இளகி ஓடும். 0W அல்லது 5W-இல் எது என்று மேனுவலில் வெப்பநிலை அட்டவணை இருக்கும். சந்தேகமென்றால் ஆயில் கேனை ஒரு ராத்திரி வெளியே வைத்துக் காலையில் சாய்த்துப் பாருங்கள். அது பாகு மாதிரி நகர்வதைப் பார்த்தால் ஸ்டார்ட்டர் மேல் பரிதாபம் வந்துவிடும்.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, புது பிளக், புது பெட்ரோல். காலையில் மட்டும் கிளம்பாது. ஒருமுறை சூடானால் நாள் முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட். மெக்கானிக் கார்புரேட்டரை மூன்று தடவை சுத்தம் செய்துவிட்டார்.

பதில்: கார்புரேட்டர் பாவம், அதை விட்டுவிடச் சொல்லுங்கள். டேப்பெட் (வால்வு இடைவெளி) பாருங்கள். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் அமிழ்ந்து இடைவெளி குறையும்; ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். குளிர்ந்த இன்ஜின் கிளம்ப முழுக் கம்ப்ரஷன் வேண்டும், சூடானது கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். மேனுவல் சொல்லும் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாதிரிதான் இருக்கும், கண்ணால் சொல்ல முடியாது. கம்ப்ரஷன் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்; பல ஏடிவிகளில் செல்ஃப் அடிக்கும்போது கம்ப்ரஷனைத் தானே இறக்கிவிடும் அமைப்பு இருக்கிறது, நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும்.

கேள்வி: ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: பெட்ரோல் வரவில்லையா என்று சோதிக்க ஒரே ஒரு சின்னப் பீச்சு, சரி. தினமும் என்றால் கூடாது.

கேள்வி: கஷ்டப்பட்டு ஸ்டார்ட் செய்து ஷெட்டுக்குள் பத்து நிமிடம் சூடேற்றுகிறேன், அப்புறம் ஒரு சின்னச் சுற்று. ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது.

பதில்: முதலில் வண்டியை வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். சின்னச் சுற்றில் இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் உள்ளே வியர்க்கும் தண்ணீர் ஆவியாகாமல் ஆயிலில் கலக்கிறது. அந்த ஈரம் பிரீதர் குழாயில் (இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) உறைந்து அடைத்தால் ஆயில் வேறு வழி தேடி வெளியே வரும். குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கூலன்ட் மட்டம் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இறங்கியிருந்தால் கூலன்ட் ஆயிலுக்குள் கசிகிறது, கேஸ்கெட் பிரச்சினையாக இருக்கலாம். இல்லையென்றால் ஆயிலை மாற்றிவிட்டு, அடுத்த தடவை எடுத்தால் அரை மணி நேரமாவது நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.