சீருடையும் பதவியும் கொடுத்தால் யாரும் கொடூரமாக மாறிவிடுவார்களா?

மாட்டார்கள். இந்த நம்பிக்கை பெரும்பாலும் 1971 ஆகஸ்டில் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையிலிருந்து வந்தது. நாளுக்கு 15 டாலர் ஊதியத்தில் 24 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு போலிச் சிறையில் காவலர், கைதி என்று குலுக்கலில் பிரித்தார்கள். காவலர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதால் இரண்டு வாரத் திட்டம் ஆறே நாளில் நின்றது.

பலர் சொல்லாமல் விடுவது இதுதான்: காவலர்கள் தாமாகவே அப்படி மாறவில்லை. கைதிகளுக்குத் தாங்கள் கையாலாகாதவர்கள் என்ற உணர்வு வரவேண்டும் என்று ஜிம்பார்டோவே முன்கூட்டிச் சொன்னார். மென்மையாக இருந்த ஒரு காவலரைக் கடுமையாக நடக்கச் சொல்லி சோதனையை நடத்தியவர்களில் ஒருவர் வற்புறுத்தியது ஒலிப்பதிவில் இருக்கிறது. அப்படியிருந்தும் காவலர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் வதைத்தார். 2001 இறுதியில் பிபிசிக்காக உளவியலாளர்கள் ஹாஸ்லமும் ரைச்சரும் நடத்திய சிறைச் சோதனையில் காவலர்கள் தங்கள் பாத்திரத்தோடு ஒட்டவே இல்லை. கைதிகள் அவர்கள் அதிகாரத்தைக் கவிழ்த்தார்கள்.

சூழலின் வலிமையை அறிய 1960களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனைகளே எனக்குத் தெளிவான சான்று. பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் (அதிர்ச்சி போலி, அவர்களுக்கு அது தெரியாது). அவரை அதே அறையில் உட்காரவைத்ததும் 16. கட்டளை தொலைபேசியில் வந்தபோது 9. உடனிருந்த இருவர் மறுத்து எழுந்தபோது வெறும் 4.

ஆகவே ஓர் அலுவலகத்திலோ விடுதியிலோ கொடுமை நடந்தால் மூன்றைக் கேளுங்கள்: கட்டளையிடுபவர் எவ்வளவு அருகில் நிற்கிறார், பாதிக்கப்படுபவர் கண்ணில் படுகிறாரா, வாய்விட்டு மறுத்தவர் ஒருவராவது உண்டா.