இருபது பேருக்கு இருபது பாடம்: கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்

கேள்வி: எங்கள் தனியார் ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஃபிட்டர் பிரிவுகளுக்கு 45 வயதுவரை ஆட்கள் வருகிறார்கள். பலருக்குப் பின்னமும் தசமமும் மறந்துவிட்டன. ஆளுக்கேற்பச் சொல்லித்தர அடிப்படைத் திறன் கூடம் ஒன்று தொடங்குகிறோம். மென்பொருளோடு 20 கம்ப்யூட்டர் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா? ஒரே ஆசிரியர் 20 பேரைச் சமாளிக்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஓர் அலமாரி, ஆளுக்கொரு ஃபைல், தரம் பிரித்த பயிற்சித்தாள்கள், நாலைந்து வெர்னியர் (மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும் கருவி), ஸ்டீல் ஸ்கேல் போதும். ஆசிரியர் கரும்பலகையை மறந்துவிட்டால் 20 பேரைச் சமாளிக்கலாம்.

முதல் நாள் ஒரு சோதனைத்தாள். பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், அளவெடுத்தல், பரப்பளவு என ஆறு திறன். திறனுக்கு நான்கு கணக்கு. மொத்த மதிப்பெண் போடாதீர்கள், அதனால் பயனில்லை. விடை எப்படித் தப்பியது என்று பாருங்கள். 20 ± 0.05 மி.மீ. என்றால் 19.95 முதல் 20.05 வரை; அதை 19.5 முதல் 20.5 வரை என்று எழுதுபவருக்குத் தசம இடமதிப்பு பிடிபடவில்லை. வெர்னியரில் மெயின் ஸ்கேல் 24, பொருந்தும் கோடு 17, லீஸ்ட் கவுண்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 என்றால், 17-ஐ 0.02-ஆல் பெருக்கி 24-உடன் கூட்ட, விடை 24.34. 24.17 என்று எழுதுபவர் 0.02-ஆல் பெருக்கவே இல்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு. விற்க வருகிற மென்பொருள் பெரும்பாலும் இரண்டையும் ‘தவறு’ என்று குறித்து ஒரே பாடத்துக்கு அனுப்பும்.

பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குப் பின்னத்தை, இன்ச்சை எட்டாகப் பிரித்து அளக்கும் நூல் கணக்கில் தொடங்குங்கள். மூன்று நூலும் நான்கு நூலும் ஏழு நூல் என்று யோசிக்காமல் சொல்பவரே, 3/8 + 1/2 என்று தாளில் பார்த்தால் 4/10 என்பார். ஒரு நூல் 1/8 இன்ச், அரை இன்ச் நான்கு நூல் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். எழுதுவதுதான் புதிது.

வாரம் மூன்று நாள், 45 நிமிடம். வந்தவர் தன் ஃபைலை எடுத்து, பத்துக் கணக்குப் போட்டு, விடைப்புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்த வேண்டும். காப்பியடிப்பார்களே என்று நிர்வாகம் பதறும். அடிக்கட்டும், திறன் முடிகிறபோது எழுதும் தாள் ஆசிரியரிடம்தான் இருக்கும். அதில் பத்துக்கு எட்டு வந்தால் அடுத்த திறன். வராவிட்டால் அதே தாளைத் திரும்பக் கொடுக்காதீர்கள், விடை மனப்பாடமாகியிருக்கும். ஒவ்வொரு திறனுக்கும் எண்களை மாற்றி மூன்று தாள் தயாராக இருக்கட்டும்.

சில வாரங்களில் ஆசிரியர் மேசை முன் வரிசை நிற்கும். அவரும் அலுத்துப்போய்க் கரும்பலகைக்கே திரும்புவார். அத்தோடு கூடம் முடிந்தது. வரிசையே கூடாது. சந்தேகம் வந்தால் மேசையில் ஒரு சிவப்பு அட்டையை நிமிர்த்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போகட்டும். ஆசிரியர் போய், “இதை எப்படிப் போட்டீங்க, சொல்லுங்க” என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் நகர வேண்டும்.

கம்ப்யூட்டர் விற்பவரிடம் மூன்று கேள்வி: மாணவர் எழுதிய தப்பு விடையே தெரியுமா, சதவீதம் மட்டுமா? உரிமம் முடிந்தால் பதிவுகள் யாருக்கு? தொடக்கத் தேர்வும் இறுதித் தேர்வும் ஒரே கேள்விகளா? ஒரே கேள்வி என்றால் ‘முன்னேற்ற’ வரைபடம் அழகாக ஏறத்தான் செய்யும். ஆய்வுக்கு வருபவர்கள் கம்ப்யூட்டரையும் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தையும் எண்ணுகிறார்கள். ஒரு மாணவரிடம் வெர்னியரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் என்ன? கேட்க ஆளில்லாததால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. எட்டாம் வகுப்பு முடிக்காத மாணவருக்குச் சான்றிதழ் ‘வாங்கித் தருகிறேன்’ என்று வரும் தரகரையும் வாசலோடு அனுப்புங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக நேராகவே எழுதலாம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இன்னொன்று. கணக்கு வராதவர் என்று முடிவு கட்டுமுன் கண்ணைப் பாருங்கள். அந்த வயதில் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். ஜெராக்ஸ் தாளில் தசமப்புள்ளி தெரியாமல் 3.05-ஐ 305 என்று படிப்பார், வெளியே சொல்லமாட்டார். ஒரு பூதக்கண்ணாடி கொடுத்து அதே வெர்னியரைப் படிக்கச் சொல்லுங்கள். சரியாகப் படித்தால் அவருக்கு வேண்டியது தசமப் பாடமல்ல, கண்ணாடி. அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்புங்கள். தாளைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், மேசைக்கு நேர்மேலே விளக்குப் போடுங்கள். கண்ணாடி வந்ததும் முதல் நாள் சோதனையை மறுபடி எழுதவைத்து, பழைய தாளை ஃபைலிலிருந்து எடுத்துவிடுங்கள்.