புது டிரக் உயரம், பழைய கேம்பர் தாழ்வு: ஃபிஃப்த் வீல் மூக்கைத் தூக்கி நின்றால் என்ன செய்வது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். டல்லாஸ் பக்கம் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஓய்வுபெற்ற ஒரு அமெரிக்கரிடம் முப்பது அடி ஃபிஃப்த் வீல் கேம்பரை (பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்) நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அவர் அதைப் பழைய டூ வீல் டிரைவ் பிக்கப்பில் இழுத்தவர், உங்களிடம் இருப்பதோ அதைவிட உயரமான, முக்கால் டன் வகை என்று சொல்லும் புதிய ஃபோர் வீல் டிரைவ். மாட்டிப் பார்த்தால் கேம்பர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஹிட்சை (டிரக்கில் கேம்பரை மாட்டும் இணைப்பை) இறக்கு என்கிறார் ஒருவர், ஏர்பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போடு என்கிறார் இன்னொருவர், டிரக்கை விற்றுவிடு என்கிறார் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புண்ணியவான்.

ஏர்பேக் யோசனையை இப்போதே தூக்கிப் போடுங்கள். பாரத்தில் டிரக்கின் பின்பக்கம் இறங்கிப்போனால் அதைத் தூக்கிவிடத்தான் ஏர்பேக். உங்கள் பிரச்சினையே பின்பக்கம் ஏற்கனவே உயரமாக இருப்பதுதான், அதில் காற்றடித்து இன்னும் தூக்கி என்ன ஆகப்போகிறது? பாரத்தில் அது இரண்டு அங்குலம் இறங்கினால் உங்களுக்கு லாபம்.

ஊரில் கன்டெய்னர் லாரி பார்த்திருப்பீர்கள். டிரெய்லரின் முன்பக்கத்து அடியில் ஒரு தடித்த கிங்பின் கீழ்நோக்கி நிற்கும், முன்னால் போகும் வண்டியின் பின் ஆக்சிலுக்கு மேலே இருக்கிற தட்டில் அது வந்து பூட்டிக்கொள்ளும். இங்கேயும் அதே ஏற்பாடுதான், தட்டு பிக்கப்பின் பெட்டுக்குள், அதாவது பின்தொட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் லாரிக்குப் பக்கச்சுவர் கிடையாது, பிக்கப்புக்கு உண்டு. சிக்கல் முழுக்க அங்கேதான். நீங்கள் மூக்கு தூக்கியிருப்பதை மட்டும் பார்க்கிறீர்கள், பெட்டின் பக்கச்சுவருக்கும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கேம்பர் படுக்கையறையின் அடிப்பாகத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கவில்லை. குறைந்தது ஐந்தரை, ஆறு அங்குலம் வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. நேர் ரோட்டில் நான்கு அங்குலம்கூடப் போதும் போலத் தோன்றும். கேம்ப்கிரவுண்டில் ஒரு பள்ளத்தில் சாய்வாகத் திரும்பும்போது டிரக் ஒரு பக்கம் சரியும், டிரெய்லர் இன்னொரு பக்கம் சரியும், அப்போது பக்கச்சுவரின் மூலை நேராகப் போய் கேம்பரின் அடியில் இடிக்கும். மூக்கு தூக்கியிருக்கும்போது அடிப்பாகம் பின்னோக்கிச் சரிந்து வருவதால் டெயில்கேட் பக்கத்து மூலைதான் மிக நெருக்கமான இடம், அங்கே அளக்க வேண்டும். பெட்டை மூடும் கவருக்காகச் சுவர்மேல் தண்டவாளம் ஏதாவது போட்டிருந்தால் அதன் மேலிருந்து அளங்கள்.

ஹிட்சை இறக்கினால் மூக்கு இறங்கும், கூடவே இந்த இடைவெளியும் குறையும். கேம்பர் பக்கத்தில் பின்பாக்சை (கிங்பின்னைத் தாங்கும் பெட்டியை) மேல் துளைகளுக்கு ஏற்றிப் போல்ட் போட்டாலும் நடப்பது அதேதான். இந்த இரண்டில் எதைச் செய்தாலும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வேண்டுமென்றால் கேம்பர் முழுவதையும் அதன் சக்கரங்களுக்கு மேலே உயர்த்துவது ஒன்றுதான் வழி. இல்லையென்றால் டிரக்கைத் தாழ்த்த வேண்டும், புது வண்டியில் கைவைத்து வாரண்டியோடு விளையாட நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அதற்கு முன் அளவு. ஹோம் டிப்போவில் ஒரு ரசமட்டமும் டேப்பும் வாங்குங்கள். சமதளமான இடத்தில் கேம்பரைத் தனியாக நிறுத்தி, முன் கால்களை ஏற்றி இறக்கி, ரசமட்டத்தைச் சேசிஸ் இரும்பின் மேல் வைத்து மட்டம் பிடியுங்கள் (உள்ளே தரையில் வைக்காதீர்கள், பழைய கேம்பரின் தரை எங்காவது தொய்ந்திருக்கும்). இப்போது நிலத்திலிருந்து கிங்பின் தொங்கும் அந்தத் தட்டையான அடித்தகடு வரை ஓர் அளவு, படுக்கையறையின் அடிப்பாகம் வரை ஓர் அளவு. டிரக்கில் ஹிட்ச் தட்டின் மேற்பரப்பு வரை ஓர் அளவு, பக்கச்சுவர் வரை ஓர் அளவு. பிறகு தண்ணீர், சாமான், அரிசி மூட்டை எல்லாம் வழக்கம்போல ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, மாட்டிவிட்டு டிரக்கின் இரண்டு அளவையும் மறுபடி எடுங்கள். வெறும் வண்டியில் எடுத்த அளவை நம்பி வெல்டிங் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மட்டமாக நிற்கும் கேம்பரின் அடித்தகடு 47 அங்குலம், படுக்கையறை அடிப்பாகம் 60. டிரக்கில் ஹிட்ச் தட்டு 51, பக்கச்சுவர் 58. பாரம் ஏறியதும் டிரக் இரண்டு அங்குலம் இறங்கி 49, 56 ஆகிறது. ஆக மூக்கு தூக்கியிருப்பது உண்மையில் இரண்டு அங்குலம்தான். அதற்காக ஹிட்சை இரண்டு அங்குலம் இறக்கினால் கேம்பர் மட்டமாகிவிடும், ஆனால் இடைவெளி 60 கழித்தல் 56, நான்கே அங்குலம். போதாது. அதையே ஹிட்சைத் தொடாமல் கேம்பரை இரண்டு அங்குலம் உயர்த்தினால் மட்டமும் வந்துவிடும், இடைவெளியும் ஆறு. உங்கள் எண்களை இதில் போட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் மூக்கு தூக்கினால் என்ன கெட்டுவிடும் என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஆக்சிலைப் பொறுத்தது. கிங்பின்னிலிருந்து சக்கரங்கள் வரை இருபது அடி, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் சுமார் மூன்றடி என்று வையுங்கள். முன்னால் நான்கு அங்குலம் தூக்கினால் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் வரும் வித்தியாசம் ஏறத்தாழ அரை அங்குலம்தான். பட்டை ஸ்பிரிங் வைத்த கேம்பரில் இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே ஈக்வலைசர் என்று ஓர் இரும்புத் துண்டு தராசுத் தண்டு மாதிரி ஆடிக்கொண்டிருக்கும், இந்த அரை அங்குலத்தை அது பெரும்பாலும் பங்கிட்டுவிடும். ரப்பர் டார்ஷன் ஆக்சில் (பட்டை ஸ்பிரிங் இல்லாமல், குழாய்க்குள் இருக்கும் ரப்பரே அதிர்வைத் தாங்குவது) என்றால் அந்தப் பங்கீடு கிடையாது, பின் ஆக்சிலின் டயர்தான் சுமக்கும், சூடாகும், நெடுஞ்சாலையில் டெக்சஸ் வெயிலில் வெடிக்கும். அதனால் முதலில் படுத்துக் குனிந்து அடியில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

பட்டை ஸ்பிரிங் என்றால், ஆக்சில் ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மேலே இருந்தால் அதை ஸ்பிரிங்குக்குக் கீழே மாற்றிப் பொருத்தலாம், பார்ட்ஸ் செலவு குறைவு, ஆனால் ஒரேயடியாக ஐந்து அங்குலம் போல உயர்ந்துவிடும், உங்களுக்கு இரண்டு, மூன்றுதான் தேவை என்றால் இது அதிகப்படி, அடுத்து மூக்கு கீழே குத்திக்கொள்ளும். இதைச் செய்யும்போது ஆக்சில் குழாயைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. அதன் நடுவில் லேசாக மேல்நோக்கிய வளைவு வைத்தே செய்திருப்பார்கள், அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங் உட்காரும் இருக்கையை மட்டும் மறுபக்கம் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். இரண்டு, மூன்று அங்குலம் போதும் என்றால் சேசிசுக்கும் ஸ்பிரிங் ஹேங்கருக்கும் (ஸ்பிரிங்கைச் சேசிசோடு பிடித்திருக்கும் இரும்புக்கும்) நடுவில் பெட்டி இரும்பு வைத்து, குறுக்குச் சட்டமும் கொடுத்து உயர்த்துவது நல்லது. குறுக்குச் சட்டம் இல்லாமல் யாராவது செய்துதருகிறேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். டார்ஷன் ஆக்சிலுக்குப் போல்ட் போட்டே உயர்த்தும் கட்டைகள் கிடைக்கின்றன. பெரிய டயர் போட்டால் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரம் கூடும், அதுவும் சக்கரக் குழிக்குள் இடம் இருந்தால்.

உயர்த்தினீர்களானால் கூரையில் இருக்கும் ஏசியின் உச்சியை மறுபடி அளந்து, அடி அங்குலத்தில் எழுதி, ஸ்டியரிங் எதிரே ஒட்டிவையுங்கள். டெக்சசில் சட்டப்படி 14 அடி வரை போகலாம், கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் 13 அடி 6 அங்குலம். ஆனால் பாலத்துக்குச் சட்டம் தெரியாது. வட கரோலினாவில் டர்ஹம் நகரில் லாரிக் கூரைகளை உரித்தே பேர்வாங்கிய ஒரு ரயில்பாலம் இருக்கிறது. 11 அடி 8 அங்குலமாக இருந்ததை 2019இல் உயர்த்தினார்கள், அப்படியும் 12 அடி 4 அங்குலம்தான். உங்கள் கேம்பர் அநேகமாக அதில் நுழையாது. கார்களுக்கான சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது, உயரம் கொடுத்து வழி கேட்கும் லாரிக்கான ஜிபிஎஸ் வாங்குங்கள்.

இன்னொன்று. கேம்பர் மூன்று அங்குலம் உயர்ந்தால் வாசற்படியும் மூன்று அங்குலம் உயரும். அப்பா, அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் இருக்கும்போது கூட்டிப்போக ஆசைப்பட்டுத்தானே வாங்கினீர்கள். முட்டிவலிக்காரர்களுக்கு அந்த மூன்று அங்குலம் பெரிய விஷயம், கீழே போட ஒரு தனிப்படியும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று. கேம்பரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிங்பின் வழியாக டிரக்கின் மேல்தான் உட்காரும், 10,000 பவுண்டு கேம்பர் என்றால் 2,000. டீசல் முக்கால் டன் பலவற்றில் அந்த ஸ்டிக்கரே இரண்டாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும், அதில் ஹிட்சின் எடையும் உங்கள் குடும்பமும் வேறு. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்று பலகை இருக்கும், அதில் ஏற்றி எடை போட்டால் டிரக்கின் முன் ஆக்சில், பின் ஆக்சில், கேம்பரின் ஆக்சில்கள் என்று தனித்தனி எடை சீட்டில் வந்துவிடும். எடை தாண்டியிருந்தால் உயரத்துக்குச் செலவு செய்வதே வீண், அப்போது அந்த வாட்ஸ்அப் புண்ணியவான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதனால் எடைச் சீட்டு முதலில், டேப் அளவு அடுத்து, வெல்டிங் கடை கடைசியில். அளவுகளை எடுத்ததும் ஆக்சில் பகுதியின் ஒரு படத்தோடு இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.