பட்டறைக்குப் போன படகு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், காசும் குடுத்தேன் வேலையும் சரியில்லன்னு. காரைக்குடியில உக்காந்துக்கிட்டு படகுக்கு பதில் சொல்றானேன்னு சிரிக்காதீங்க, தேவகோட்டை தாண்டினா தொண்டி, அறந்தாங்கி தாண்டினா கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், நம்மூர்ல இருந்துக்கிட்டு அங்க படகு விட்டிருக்கவங்க எனக்குத் தெரிஞ்சே பல பேரு.

அண்ணே, நானும் மச்சானும் கூட்டா தொண்டியில ஒரு ஃபைபர் படகு வச்சிருக்கோம். அடியில விரிசல் விட்டு 18,000 ரூபா குடுத்து ஒட்டினோம். 20 நாள்ல அதே இடத்துல கசியுது. நீங்க திரும்ப எங்கயோ இடிச்சிருக்கீங்கன்னு பட்டறைக்காரர் சாதிக்கிறாரு. (தேவகோட்டை)

உடனே சண்டைக்குப் போகாதீங்க தம்பி. ஒரு அஞ்சு ரூபா காசை எடுத்துக்கிட்டு படகுக்கு அடியில போய் உக்காருங்க. ஒட்டு படாத நல்ல இடத்துல தட்டினா டக் டக்னு கெட்டியா கேக்கும். அப்படியே தட்டிக்கிட்டே ஒட்டு போட்ட இடத்துக்கு வாங்க, பொத் பொத்னு சத்தம் மாறினா உள்ள மேட் (ஒட்டுக்கு வைக்கிற கண்ணாடி நார்த் துணி) பிடிக்கல, காத்து நிக்குதுன்னு அர்த்தம். புதுசா இடிச்சிருந்தா ஜெல்கோட், அதான் மேல இருக்கிற வழவழப்பான பூச்சு, நசுங்கி, நட்சத்திரம் மாதிரி கீறல் ஓடியிருக்கும். அதெல்லாம் இல்லாம ஒட்டோட ஓரம் மட்டும் உதடு மாதிரி தூக்கி நின்னா அது அவர் செஞ்ச வேலையோட கோளாறுதான்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, விரிசலைச் சுத்தி பழைய ஃபைபரை சரிவா தேய்ச்சு எடுக்காம மேலாப்புல பிளாஸ்திரி மாதிரி ஒட்டிடறாங்க. அடி 6 மில்லிமீட்டர் தடிமன்னா ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டராவது சரிவு குடுத்து தேய்க்கணும், கிரைண்டரைப் பிடிச்சு தூசிக்குள்ள நிக்கணும், ராத்திரி பூரா உடம்பு அரிக்கும், அதனால யாருக்கும் அந்த வேலை பிடிக்காது. இன்னொண்ணு ஈரம், கரையேத்தின மறுநாளே ரெசின் (ஃபைபரை ஒட்ட வைக்கிற பசை) பூசினா எப்படிப் பிடிக்கும் சொல்லுங்க. ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரும் 100 கிராம் ரெசினுக்கு ஒண்ணு ரெண்டு கிராம்தான், அதை கண்ணளவுல ஊத்தினா ஒரு நாள் வேகாது, ஒரு நாள் கருகும்.

முக்கியமா, வேற பட்டறையில குடுத்து ஒட்டைப் பிரிச்சிடாதீங்க, பிரிச்சா உங்க சாட்சியும் அதோட போச்சு. பக்கத்துல அளவு டேப்பை வச்சு போட்டோ, தட்டுற சத்தத்தோட வீடியோ, ரெண்டையும் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்ல போட்டு, ஏழு நாளைக்குள்ள வந்து பாருங்கன்னு எழுதுங்க. போன்ல பேசினது காத்தோட போயிடும். கூலி இல்லாம திரும்ப செஞ்சு தர்றேன்னு சொன்னா, ரெசின் மேட் காசுல பாதியை நீங்க போட்டாக்கூட சம்மதிச்சிடலாம்ங்கறது என் கணக்கு. ஆனா அவர் தேய்க்கிற அன்னிக்கு யாராவது ஒருத்தர் பக்கத்துல நிக்கணும், மச்சானை அனுப்புங்க.

இம்பெல்லர் (இன்ஜினைக் குளிர வைக்க தண்ணி இழுக்கிற ரப்பர் சக்கரம்) மாத்தினதா பில்லுல இருக்கு, ரெண்டாம் நாளே அவுட்போர்டு (படகுக்குப் பின்னாடி மாட்டுற இன்ஜின்) சூடாகுது. (காரைக்குடி)

பழைய இம்பெல்லர் எங்க? கையில வாங்கலேல்ல, அங்கதான் தோத்தீங்க. அதுக்காக உடனே திட்டவும் வேணாம், பின்னாடி தண்ணி பீய்ச்சுற சின்ன ஓட்டையில உப்பு அடைச்சிருக்கான்னு மெல்லிசான கம்பி விட்டுப் பாருங்க. அடைப்பு இல்லாமலும் தண்ணி வரலேன்னா கழட்டச் சொல்லி கூடவே நில்லுங்க, புது இம்பெல்லரோட ரப்பர் இறக்கை விறைப்பா இருக்கும், பழசு ஒரே பக்கமா வளைஞ்சு படுத்துக் கிடக்கும், அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கா இருக்கணும்னு இல்ல.

நானும் ஏமாந்தவன்தான். கியர் ஆயில் மாத்திட்டோம்னு ஒரு பட்டறையில காசு வாங்கினாங்க, வீட்டுக்கு வந்து சந்தேகத்துல அடி ஸ்க்ரூவை லேசா தளர்த்தி விரல்ல பிடிச்சா டீக்கடை பால் டீ கலர்ல வழியுது. ஆயில் அப்படி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம், தண்ணியைத் தடுக்கிற சீல் போயிருக்கும். ஆயிலையும் மாத்தல, சீலையும் பாக்கல. அன்னிலேர்ந்து எந்த பட்டறைக்குப் போனாலும் பழைய பார்ட்டை கவர்ல போட்டுக் குடுங்கன்னு முன்னாடியே சொல்லிடறது, மூஞ்சியைத் தூக்கினா தூக்கட்டும்.

அண்ணன் பாக்கி வச்சிருக்கார்னு என் இன்ஜினை தரமாட்டேங்கறாங்க. என் வேலைக்கு உண்டான காசு ரெடியா இருக்கு. (கோட்டையூர்)

1872 ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவுப்படி, பாத்த வேலைக்கு கூலி வர்ற வரைக்கும் அந்தப் பொருளை பட்டறைக்காரர் வச்சுக்கலாம், அது அவரோட உரிமை. ஆனா அது அந்த வேலையோட கூலிக்கு மட்டும்தான். பழைய பாக்கி எல்லாத்துக்கும் சேத்துப் பிடிச்சு வைக்கிற உரிமை அடுத்த பிரிவுல பேங்க் மாதிரி சில பேருக்குத்தான் இருக்கு, மெக்கானிக்குக்கு இல்ல, நீங்களா எழுதிக் குடுத்திருந்தா ஒழிய. காசை பேங்க் வழியா போடுங்க, எதுக்குன்னு குறிப்புல எழுதுங்க, அப்புறம் கேளுங்க. அண்ணன் பாக்கியை அண்ணன்கிட்ட கேக்கட்டும்.

மர வள்ளத்துக்கு புதுசா கலப்பத்து (பலகை இடுக்கை அடைக்கிற வேலை) அடிச்சோம், இறக்கின அன்னிக்கே தண்ணி ஏறுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லங்க. வெயில்ல காஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊதணும். ரெண்டு மூணு நாள் ஆழமில்லாத இடத்துல கட்டிப் போட்டு இறைச்சுக்கிட்டே இருங்க, கசிவு குறைஞ்சிக்கிட்டே வரணும். குறையலேன்னா அப்புறம் கூப்பிட்டுக் கேளுங்க.

ஏப்ரல் 10-ஆம் தேதி விட்ட ஃபைபர் படகு, ஜூன் பொறந்தும் தொடல. கேட்டா தடைக்காலம்ங்கறாங்க.

தடைக்காலம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அது விசைப்படகுக்கு. ஆனா அந்த 61 நாள்லதான் விசைப்படகுக்காரங்க அத்தனை பேரும் வேலை வைப்பாங்க, பெரிய பில்லு அங்க இருக்கும்போது உங்க சின்னப் படகை யாரு சீண்டுவா? அடுத்த வருஷம் பிப்ரவரியிலேயே விடுங்க. இப்போதைக்கு ஒரு தேதி கேட்டு எழுதி வாங்குங்க, அதுக்குள்ள ஆகலேன்னா அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டு படகை எடுத்துக்கிட்டுப் போறேன்னும் அதுலயே எழுதிடுங்க.

பட்டறை புதுக்கோட்டை மாவட்டம், நான் காரைக்குடி. கேஸுன்னு போனா அங்கதான் அலையணுமா? தொழில் பண்றவங்க கேஸை எடுக்க மாட்டாங்கங்கறாங்களே?

அலைய வேணாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க இருக்கிற ஊருக்கு உண்டான மாவட்ட ஆணையத்துலயே போடலாம், அதாவது சிவகங்கை. பில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். அதுக்கு முன்னாடி 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, ஒரு போன் போட்டுப் பாருங்க, சில பட்டறை அதுக்கே இறங்கி வந்துடும். நீங்களே ஓட்டி அதுல வயித்தைக் கழுவுறீங்கன்னா சட்டம் உங்களை நுகர்வோராத்தான் பாக்கும். ஆறு படகை ஆள் போட்டு ஓட்டுறவரா இருந்தா அந்த வாதம் எடுபடறது கஷ்டம், சிவில் கோர்ட்டுதான்.

சர்வீஸுக்கு விட்டா இன்ஜின் கால்ல (தண்ணிக்குள்ள நிக்கிற அடிப்பாகம்) இருக்கிற வெள்ளைக் கட்டி மேலயும் சேத்து பெயிண்ட் அடிச்சு பளபளன்னு குடுத்திருக்காங்க. நல்லதுதானே?

கெடுத்தாங்க போங்க. உப்புத்தண்ணியில இன்ஜினோட அலுமினியம் அரிக்காம இருக்க தன்னையே குடுக்கிற கட்டி அது, பெயிண்ட் மூடிட்டா அது சும்மா கிடக்கும், இன்ஜின் காலு அரிச்சுப் போகும். அரிமானத்தைப் பத்தியும் ஆராய்ச்சி பண்ற சிக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஊருக்குள்ளயே வச்சிருக்கோம், நமக்கு இது தெரியாம இருக்கலாமா. பட்டறைக்கு மறுபடி போகாதீங்க, உப்புத்தாள் ஒண்ணு வாங்கி நீங்களே உலோகம் தெரியிற வரைக்கும் தேய்ச்சு எடுங்க. பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா புதுசு மாட்டிடுங்க.