மழையில் லோஃபோட்டன், சென்யா, திரொம்சோ: மோட்டார்ஹோம் கேள்வி பதில்

ஜூலை, ஆகஸ்டில் நார்வேயின் வடக்கே மோட்டார்ஹோமில் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள். பனிக்காலப் பயணம் வேறு கணக்கு, அது இதில் இல்லை.

கேள்வி: அண்ணா, ஆகஸ்ட் தொடக்கத்தில் நார்விக், லோஃபோட்டன் போகிறோம். வானிலை அறிக்கை முழுக்க மழை. ஒரு மாதம் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட்டால் இன்னும் நனைவீர்கள். அந்தக் கடற்கரையில் வசந்தம் முதல் கோடை முற்பாதி வரைதான் மழை கொஞ்சம் குறைவு, செப்டம்பர், அக்டோபரில் கூடும். தேதியை விடுங்கள், இடத்தை மாற்றத் தயாராக இருங்கள்.

மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று எல்லை மலைகளில் ஏறும்போதே நார்வே பக்கம் மழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். மலைக்குப் பின்னால் சுவீடனின் அபிஸ்கோவில் ஆண்டு முழுவதும் சேர்த்தே 300 மி.மீ. சொச்சம்தான் மழை. நார்விக்கிலிருந்து இ10 சாலையில் சுமார் 80 கி.மீ. திரொம்சோ பக்கம் மாட்டிக்கொண்டால் ஸ்கிபொட்டனிலிருந்து இ8-இல் ஏறி ஃபின்லாந்தின் கில்பிஸ்யார்விக்குப் போங்கள், சுமார் 50 கி.மீ. இரண்டுமே நல்ல சாலை.

காற்று கிழக்கிலிருந்து வீசினால் கணக்கு அப்படியே தலைகீழாகும். கடற்கரை வெளுக்கும், உள்நாடு நனையும். அதனால் நார்வேயின் வானிலைச் செயலியான யர் (Yr) செயலியைத் திறந்ததும் மழை மில்லிமீட்டரைப் பார்க்காதீர்கள், காற்றின் அம்புக்குறியைப் பாருங்கள். மூன்று நாளுக்கு அப்பாற்பட்ட மழை அளவை நம்பி எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம். லோஃபோட்டனின் மேற்கு முனையில், ரெய்னே பக்கம் இருக்கும்போது மழை பிடித்தால் ஓட முயலாதீர்கள். நார்விக் வந்து சேரவே ஒரு பகல் போய்விடும்.

கேள்வி: காலையில் ஜன்னலெல்லாம் சொட்டுகிறது, மெத்தைக்கு அடியிலும் ஈரம். கூரை ஒழுகுகிறதா, உள்ளேயே கோர்க்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரம் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னல், உலோகச் சட்டம், மெத்தையின் அடி, அலமாரியின் வெளிச்சுவர்ப் பக்கம் என்று பரவலாக இருந்தால் அது உள்ளே கோர்க்கும் நீர். ஒரே மூலையில் மட்டும் இருந்து, சுவர்த்தாள் அலையலையாகி, அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால் ஒழுகல். சந்தேகமிருந்தால் குத்தூசி வகை ஈரமானியால் அந்த மூலையையும் வண்டியின் நடுச்சுவரையும் அளந்து ஒப்பிடுங்கள். நடுவில் 12 காட்டி மூலையில் 25 காட்டினால் தண்ணீர் வெளியிலிருந்துதான் வருகிறது.

பெரும்பாலும் முதல் வகைதான். இருவர் தூங்கும் ஒரு இரவில் மூச்சிலும் வேர்வையிலும் மட்டுமே அரை லிட்டர் அளவுக்கு நீர் வெளியேறும். அடுப்பு அதைவிட மோசம்: ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும், அத்தனையும் வண்டிக்குள்ளேயே. அதற்கு மேல் சோறு, பருப்பு, இட்லி என்று நம் சமையலே ஆவிச் சமையல். குளிர்கிறதே என்று அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்குவது இரட்டைத் தவறு, கார்பன் மோனாக்சைடும் சேரும். ஹீட்டர் அப்படியில்லை, அதன் புகையும் நீராவியும் குழாய் வழியே வெளியே போய்விடும்.

வெளியே மழை பெய்கிறதே, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்பார்கள். வராது. 8 டிகிரியில் முழு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 45 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே ஹீட்டரை ஓடவிட்டு, கூரை ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். இரவில் ஹீட்டரை முழுக்க அணைக்காமல் 15, 16 டிகிரியில் விடுங்கள். முன் கண்ணாடிக்கு உள்பக்கத் திரை போதாது, வெளியே கட்டும் கனத்த விரிப்புதான் கண்ணாடியைச் சூடாக வைத்திருக்கும். மெத்தை பலகைமேல் நேராகக் கிடந்தால் அடியில் காற்று போகும் வலை விரிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் தினமும் காலையில் தூக்கி நிறுத்துங்கள்.

கேள்வி: ஒழுகல்தான் என்று தெரிந்துவிட்டது, படுக்கைக்கு மேலே முன் மூலையில். ஊர் திரும்ப இன்னும் இரண்டு வாரம். சிலிக்கான் பூசலாமா?

வேண்டவே வேண்டாம். சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு எந்த சீலன்டும் (இடுக்கை அடைக்கும் பசை) ஒட்டாது. திரும்பியபின் பட்டறையில் சுரண்டும் கூலியே அதிகமாகும்.

தண்ணீர் உள்ளே தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். முன்விளிம்பில் இருக்கும் சிறு அடையாள விளக்குகள், கூரை ஓரப் பட்டை, பக்கவாட்டில் விரிக்கும் நிழல்திரையைத் தாங்கும் போல்ட்டுகள், கூரை ஜன்னலின் சட்டம், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். மழை விட்ட நேரத்தில் அந்த இடத்தைத் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் அகலமான பியூட்டைல் நாடாவை (ரப்பர் போன்ற ஒட்டுநாடா) அழுத்தி ஒட்டுங்கள். ஈரத்தின்மேல் ஒட்டினால் ஒரு நாள்கூடத் தாங்காது. பாலியூரித்தேன் சீலன்டை அக்ரிலிக் ஜன்னலில் படவிடாதீர்கள், நாளடைவில் மயிரிழை வெடிப்பு விழும். நிறுத்தும்போது அந்த மூலை மேடாக இருக்கும்படி ஆப்புக்கட்டையில் ஏற்றுங்கள். நாடா ஒட்டும்வரை அதுவே பாதி வைத்தியம்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து இரண்டு 11 கிலோ சிலிண்டர் கொண்டுபோகிறோம். போதுமா? அங்கே மாற்றித் தருவார்களா?

ஜெர்மன் சிலிண்டரை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். வால்வு வேறு. கோடை மழையில் பகலில் 20, இரவில் 16 டிகிரி வைத்தால் ஹீட்டர், வெந்நீர், சமையல் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிலோ என்று கணக்குப் போடுங்கள். 22 கிலோ இரண்டு வாரம் வரும். மின்இணைப்புள்ள முகாமில் ஒருநாள் விட்டு ஒருநாள் தங்கினால் இன்னும் நீளும். அதற்கு மேலென்றால் நார்வே சிலிண்டர் ஒன்றை அங்கேயே வாங்கி, இணைப்புத் துண்டு வைத்துப் பயன்படுத்தலாம். அந்தத் துண்டுகள் அடங்கிய தொகுப்பைக் கிளம்புமுன்னே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கூரையில் 200 வாட் சூரியத் தகடு. நள்ளிரவிலும் சூரியன் இருக்குமே, பேட்டரி நிறைந்தே இருக்கும்தானே?

கனத்த மழை மேகத்தில் தகடு தன் திறனில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிது. நள்ளிரவுச் சூரியன் அடிவானத்தில் படுத்திருக்கும், கிடையாக இருக்கும் தகட்டின்மேல் ஏறக்குறைய விழவே விழாது. லோஃபோட்டனில் அது ஜூலை நடுவோடு முடிந்தும்விடும். ஹீட்டர் விசிறி இரவெல்லாம் மின்சாரம் இழுக்கும். வண்டி ஓடும்போது பேட்டரியை ஏற்றும் 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு நாளைக்கானது வந்துவிடும். வாடகை வண்டி என்றால் அது இருக்கிறதா என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: புல்தரையில் நிறுத்தியிருந்தோம், இரவு மழையில் முன்சக்கரம் புதைந்துவிட்டது. இழுவை வண்டி இல்லாமல் வெளியேற வழி உண்டா?

சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். பின்புறம் நீண்ட வண்டிகளில் எடை பின்னால் போய் முன்சக்கரத்தின் பிடி குறைந்திருக்கும். பின் தொட்டியில் தண்ணீர் இருந்தால் முறையான வடிகாலில் கொட்டக்கூடிய முகாம்களில் காலி செய்யுங்கள், ஆட்களை முன்னால் உட்காரவையுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்ணைத் தோண்டிச் சரிவாக்கி, பிடிப்புப் பலகையை டயருக்கு அடியில் நன்றாகத் திணியுங்கள். டயர் காற்றை 5 பாரிலிருந்து 3 வரை இறக்கினால் பிடி கூடும், ஆனால் தார்ச்சாலை ஏறியதும் நிரப்பப் பம்பு கையில் இருக்க வேண்டும். வந்த தடத்திலேயே பின்னோக்கிப் போங்கள், அந்த மண் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். முன்சக்கர வண்டி மேட்டில் ஏறவேண்டியிருந்தால் பின்னோக்கி ஏறுவதே மேல், எடை முன்னே விழும்.

அடுத்த முறை முன்சக்கரங்கள் சரளையில் நிற்கும்படி, முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள்.

கேள்வி: மழையில் ஓட்டுவதில் புதிதாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர்கள் ஓடியோடி தார்ச்சாலையில் இரண்டு நீளப் பள்ளம் விழுந்திருக்கும். மழையில் அவை வாய்க்கால். பள்ளத்துக்குள் ஓடினால் டயர் நீர்மேல் மிதக்கும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். ஒரு கை அகலம் தள்ளி ஓட்டுங்கள். வேக எல்லை 80 என்றாலும் 65 போதும். சாலையோரத்தில் மட்டும் சக்கரம் இறங்கக்கூடாது, நனைந்த ஓரம் 3.5 டன்னைத் தாங்காமல் சரியும். குறுகிய சாலையில் 'எம்' என்று எழுதிய நீலப்பலகை உள்ள ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுங்கள். அது படம் பிடிக்க நிறுத்தும் இடமல்ல.

சுரங்கச் சாலைக்குள் நுழைந்ததும் முன் கண்ணாடி சட்டென்று வெளுத்துப் போகலாம். ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படுவதால் வெளிப்புறம் மங்குவது அது. வைப்பரைப் போட்டால் போய்விடும், உள்ளே ஊதும் காற்று அதைத் தீர்க்காது. நார்த்காப் சுரங்கம் கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே போகிறது. இறங்கும்போது இரண்டாம், மூன்றாம் கியரில் விடுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாதீர்கள்.

பாலங்களில் மழையைவிடக் காற்றுதான் பயம். உயரமான வண்டி பாலத்தின் உச்சியில் பக்கவாட்டில் தள்ளப்படும். பலமான காற்றில் பாலங்களையே மூடுவார்கள், 175-க்கு அழைத்தால் சாலை நிலவரம் சொல்வார்கள். கலைமான் ஒன்று கடந்தால் நின்று காத்திருங்கள், கூட்டம் பின்னால் வரும். மோதிவிட்டால் காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம்.

கேள்வி: எங்கும் இலவசமாகத் தங்கலாம் என்கிறார்களே?

நடந்து போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்கான உரிமை அது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆள் வாழும் வீட்டிலிருந்து கூடாரம் 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாலையை விட்டு வண்டியைத் திறந்த நிலத்தில் இறக்குவதற்குத் தடை உண்டு. தடைப்பலகை இல்லாத நிறுத்தத்தில் இரவு தூங்கலாம், லோஃபோட்டனில் அந்தப் பலகைகள் நிறைய.

மழையில் இன்னொன்று: செங்குத்துச் சரிவின் அடியிலோ மலையோடை விசிறிபோல் கல்லைக் கொட்டியிருக்கும் மேட்டிலோ தூங்காதீர்கள். நார்வேயின் இயற்கை ஆபத்து எச்சரிக்கைத் தளமான 'வார்சொம்' (Varsom) தளத்தில் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். ஆரஞ்சு என்றால் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுங்கள். நள்ளிரவில் இடம் மாற்ற நேரலாம் என்பதால் ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பது நல்லது, நார்வேயில் இரத்த ஆல்கஹால் எல்லை ஆயிரத்துக்கு 0.2 மட்டுமே.

கேள்வி: லோஃபோட்டனுக்குப் போகும் போடோ–மொஸ்கெனெஸ் படகு ரத்தானால்?

காத்திருக்கலாம், அல்லது இ6-இல் வடக்கே பொக்னெஸ் போய் லோடிங்கெனுக்கு ஒரு மணி நேரப் படகு பிடிக்கலாம். அது உள்வாங்கிய ஃபியோர்டில் (நிலத்துக்குள் புகுந்த கடல்) ஓடுவதால் அலைத் தொல்லை குறைவு. அங்கிருந்து லோஃபோட்டனுக்குச் சாலையிலேயே போய்விடலாம். சென்யா தீவுக்குப் போகும் அந்தனெஸ்–கிரில்லெஃபியோர்டு படகு கோடையில் மட்டும்தான், திறந்த கடல் என்பதால் அதுவும் எளிதில் ரத்தாகும். எந்தப் படகிலும் ஏறுமுன் சிலிண்டரை மூடுங்கள். தளத்தில் ஏறும்போது பின்புறம் இடிக்காமல் இருக்க மெதுவாக, சற்றுச் சாய்வாக ஏற்றுங்கள்.