அறிவிப்பு எழுதுவது மட்டும்தானா இந்த வேலை? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: மார்க்கெட்டிங் பிரிவில் கன்டென்ட் ரைட்டராக இருக்கிறேன். எங்கள் நிறுவனம் அலுவலகத்தையே மூடிவிட்டது, எல்லோரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறோம். ஊழியர்களுக்கான மாதச் செய்தி மடலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாடிக்கையாளருக்கு எழுதுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்டர்னல் கம்யூனிகேஷன்ஸையே (நிறுவனத்துக்குள் ஊழியர்களுக்குத் தகவல் சொல்லும் வேலை) தொழிலாக எடுத்துக்கொண்டு, முழுக்க ரிமோட்டாக இயங்கும் நிறுவனத்துக்கு மாறலாமா? எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் செய்தி மடலை வைத்து இந்த வேலையை எடை போட வேண்டாம், அது இதில் ஒரு ஓரம்தான். அலுவலகம் இருக்கும்போது பாதித் தகவல் தானாகப் பரவிவிடும். பக்கத்து சீட்டில் பேசுவது காதில் விழும், மேனேஜர் முகத்தைப் பார்த்தாலே ஏதோ நடக்கிறது என்று புரிந்துவிடும். இரண்டு பேரின் மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது மளமளவென்று குறைகிறது, சுமார் 50 மீட்டர் தாண்டினால் வாரம் ஒருமுறை பேசுவதே அரிதாகிறது என்று எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். ரிமோட் நிறுவனத்தில் எல்லோருமே அந்த 50 மீட்டருக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே எழுதி வைக்காத முடிவு எடுக்காத முடிவு மாதிரிதான்.

என்ன முடிவானது, யார் முடிவு செய்தது, எந்தத் தேதியிலிருந்து, நான் என்ன செய்ய வேண்டும்: இந்த நான்குக்கும் தலைமையிடமிருந்து தெளிவான பதிலை வாங்கி, யார் எப்போது தேடினாலும் கிடைக்கிற இடத்தில் வைப்பதுதான் உங்கள் வேலை. எழுதுவது அதில் கடைசிக் கட்டம்.

ஓர் உதாரணம் பாருங்கள். "ஊழியர்களின் வசதியைக் கருத்தில் கொண்டு விடுப்பு நடைமுறை எளிமையாக்கப்படுகிறது. புதிய தளம் விரைவில் அறிமுகமாகும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." இப்படி ஒரு வரைவு உங்கள் கைக்கு வருகிறது. இதைப் படித்த அரை மணி நேரத்தில் ஸ்லாக்கில் (அலுவலக அரட்டைச் செயலி) கேள்விகள் குவியும்: விரைவில் என்றால் எப்போது, ஏற்கெனவே வாங்கிய ஒப்புதல் செல்லுமா, பழைய ஃபார்ம் என்ன ஆகும்? இதை நீங்கள் இப்படி மாற்றுகிறீர்கள்: "மார்ச் 3 முதல் விடுப்பைப் புதிய தளத்தில் மட்டுமே கேட்க வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்த விடுப்புகள் தானாக அங்கே வந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் விடுப்பை மட்டும் மறுபடி பதிவு செய்யுங்கள்." இரண்டாவது வடிவத்தை எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் காத்திருக்கும் விடுப்புகள் என்ன ஆகும் என்று ஹெச்.ஆர். பிரிவிலேயே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள், அதைக் கேட்டு ஒரு முடிவுக்குக் கொண்டுவர இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

எங்கே கற்றுக்கொள்வது என்றால், முதலில் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஹேண்ட்புக்கை (நடைமுறைக் கையேடு) படியுங்கள். முழுக்க ரிமோட்டாக இயங்கும் அந்த நிறுவனம் தன் நடைமுறைகளில் பெரும்பகுதியை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. எந்த மாற்றமானாலும் முதலில் ஹேண்ட்புக்கில் எழுதிவிட்டு, அப்புறம் அதன் லிங்க்கை வைத்து அறிவிப்பது என்பது அவர்கள் முறை. 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். மீட்புப் பணி நடக்கும்போதே குறிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள், யூடியூபில் நேரலை விட்டார்கள், பிறகு எது ஏன் தவறியது என்று விரிவான அறிக்கையும் போட்டார்கள். ஆள் மீது பழி போடாமல், எந்த பேக்கப் (காப்பு நகல்) ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்லும் அந்த அறிக்கையை உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் இன்னொரு விதம், உள் விவாதங்களை மின்னஞ்சலில் புதைக்காமல் பி2 என்ற உள் வலைப்பதிவுகளில் நடத்துகிறது. நேற்று சேர்ந்தவர்கூடப் பழைய விவாதத்தைத் தேடிப் படித்துக்கொள்ளலாம்.

அடுத்தது போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை தேடும்போது காட்டுகிற உங்கள் வேலை மாதிரிகள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் இந்தத் துறையில் செய்த நல்ல வேலை எல்லாம் ரகசியம், வெளியே காட்ட முடியாது. உங்கள் நிறுவனத்தில் யாருக்கும் புரியாத ஒரு கொள்கை ஆவணத்தை அனுமதி கேட்டுத் திருத்தி எழுதுங்கள். பிறகு அதே சிக்கலை ஒரு கற்பனை நிறுவனத்துக்குப் பொருத்தி, முன்பு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது, இடையில் யாரிடம் என்ன கேள்வி கேட்டீர்கள் என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுப்பவராக நான் மூன்றாவதைத்தான் முதலில் படிப்பேன். கிட்லேப் ஹேண்ட்புக்குக்கு வெளியாட்களும் திருத்தம் அனுப்பலாம், ஏற்றுக்கொள்ளப்பட்டால் அதையும் தயங்காமல் காட்டலாம்.

பலனை அளக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் திறக்காமலே திறந்ததாகக் காட்டிவிடும். கெடு தேதிக்குள் எத்தனை பேர் சொன்னதைச் செய்தார்கள், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது குறைந்ததா என்று பாருங்கள்.

நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "ஒரு பெரிய முடிவு எடுக்கும்போது எனக்கு எந்தக் கட்டத்தில் தெரியவரும்?" அறிவிக்கிற அன்று காலையில் என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யோசியுங்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது பிழை திருத்தும் வேலை.

கேள்வி: சிறிய ரிமோட் நிறுவனத்தில் ஹெச்.ஆர். ஆக இருக்கிறேன். அடுத்த மாதம் ஆட்குறைப்பு. அறிவிப்பை "மனம் நோகாதபடி" எழுதச் சொல்கிறார்கள். எப்படி?

பதில்: வேலை போகிறது என்ற செய்தியை மனம் நோகாமல் சொல்ல வழியில்லை. அவமானப்படுத்தாமல் சொல்லலாம், அதற்கு வார்த்தையைவிட வரிசை முக்கியம். 2021 டிசம்பரில் பெட்டர்.காம் என்ற அமெரிக்க வீட்டுக் கடன் நிறுவனத்தின் தலைவர் ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரை வீட்டுக்கு அனுப்பினார், சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. உலகமே கண்டித்தது, பிறகு அவரே மன்னிப்புக் கேட்டார். முதலில் மேனேஜர்களுக்குச் சொல்லி, கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில்களையும் கையில் கொடுங்கள். பிறகு வேலை இழப்பவர்களிடம் ஒவ்வொருவராக, நேருக்கு நேர் வீடியோவில். அன்றே மற்ற எல்லோருக்கும். லேப்டாப் அணுகலை முடக்கும் நேரத்தை ஐ.டி. பிரிவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். செய்தி வருவதற்கு முன்பே ஸ்லாக் லாக் அவுட் ஆகி, அதிலிருந்து ஒருவர் விஷயத்தைப் புரிந்துகொள்வது கொடுமை. கடிதத்தில் கடைசிச் சம்பளத் தேதி, இழப்பீடு, மருத்துவக் காப்பீடு எதுவரை, யாரைக் கேட்பது, இவை மேலேயே இருக்கட்டும். "நாம் ஒரே குடும்பம்" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். எத்தனை பேர், ஏன் என்பதை மறைக்க வேண்டாம், மீதி இருப்பவர்களும் அதைத்தான் படிக்கப்போகிறார்கள்.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார். பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் ரிமோட் நிறுவனத்தில் இன்டர்னல் கம்யூனிகேஷன்ஸ் வேலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் படிப்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். அலங்காரமும் மரபுத்தொடரும் அவர்களுக்கு இடைஞ்சல், சிறு வாக்கியம்தான் வசதி. இலக்கணப் பிழையைத் திருத்த மென்பொருள் இருக்கிறது. நேரத்தை எழுதும்போது மட்டும் "நாளை காலை" என்று விடாமல் தேதியும் நேர மண்டலமும் சேர்த்து எழுதுங்கள், வேறு நாட்டில் படிப்பவருக்கு அது இன்று இரவாகக்கூட இருக்கலாம். எழுதி முடித்ததும், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, "இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒத்துப்போகும்வரை அனுப்பாதீர்கள்.