எல்லாம் ஏற்றிய இமேஜை வாங்காதீர்கள்

கேள்வி: செம்பனைக் குலைகளின் எடையைப் பதியும் சிறு மென்பொருளை டெபியன் லினக்ஸில் நிறுவும் பொதியாகக் கட்டுகிறேன். என் மடிக்கணினியில் சிக்கலே இல்லை. ஈப்போ நண்பரின் கணினியிலோ 'எஸ்கியூலைட்3.எச் கோப்பு இல்லை' என்று நின்றுவிடுகிறது. எல்லாம் ஏற்றிய இமேஜ் (நூலகங்களெல்லாம் நிறுவி, நகலெடுத்துப் பயன்படுத்தத் தயாரான கணினிச் சூழல்) ஒன்றை 300 வெள்ளிக்குத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா ஐயா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். நண்பரின் கணினி உண்மையைத்தான் சொல்கிறது. பொய் சொல்வது உங்கள் மடிக்கணினி. அந்தக் கோப்பைத் தரும் 'லிப்எஸ்கியூலைட்3-டெவ்' பொதியை எப்போதோ வேறு வேலைக்கு நிறுவியிருப்பீர்கள். அதனால், கண்ட்ரோல் கோப்பில், கட்டத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் அதை எழுதாதது உங்களுக்குத் தெரியவில்லை.

வேண்டாததும் இதே வழியில்தான் நுழைகிறது. பல மென்பொருள்களில், கட்டுவதற்கு முன் ஓடும் கன்ஃபிகர் நிரல் கணினியைத் துழாவி, கண்ணில் பட்ட நூலகத்தைக் கேட்காமலே இணைத்துக்கொள்ளும். எல்லாம் ஏற்றிய இமேஜில் கட்டினால் என்ன ஆகும், யோசியுங்கள்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த கள்ளக்கதவு, டெபியன் அல்லது (ஃபெடோரா போன்ற லினக்ஸ்களின்) ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்துத்தான் உள்ளே புகுந்தது. திருடன் குறிவைத்ததே கட்டுமிடத்தை! இலவசமாக இறங்குவதற்குக் காசு கேட்கும் இந்த வியாபாரிகளையும், 'எல்லாவற்றையும் நிறுவிவிடு' என்றே பாடம் நடத்தும் பயிற்சி மையங்களையும் என்னவென்று சொல்வது?

எஸ்பில்ட் என்ற பொதி கட்டும் கருவியை நிறுவுங்கள். ஒவ்வொரு முறையும் அது வெற்றுச் சூழலைத் திறந்து, நீங்கள் எழுதியதை மட்டும் இறக்கும். எங்கே நிற்கிறதோ, அந்த ஒரு பெயரைச் சேருங்கள். அடுத்தவர் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு; இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஜிசிசி (சி மொழித் தொகுப்பி), மேக் (கட்டும் கருவி), லிப்சி6-டெவ் (சி அடிப்படை நூலகம்) ஆகியவற்றை எழுத வேண்டாம். அவை பில்ட்-எசென்ஷியல் தொகுப்பில் அடக்கம். டெபியன் பொதி கட்டும் சூழலில் அது எப்போதும் இருக்கும். ஆனால் இது சி, சி++ வேலைக்கு மட்டும். பைத்தான் மொழியையோ சிமேக் என்ற கட்டும் கருவியையோ எழுதியே ஆக வேண்டும். ஃபெடோராவுக்கும் பொதி கட்டுவதாக இருந்தால் ஜிசிசியையும் எழுதுங்கள். 2018இல் வெளியான 29ஆம் பதிப்பிலேயே அதை அடிப்படைச் சூழலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு சட்டம், அவதி நமக்கு.

பிடிஎஃப் கையேட்டுக்காக டெக்ஸ்லைவ் என்ற பெரிய ஆவண அச்சாக்கத் தொகுப்பை இழுத்திருந்தால், கையேட்டைத் தனிப் பொதியாக்கி, கணினி வகையைச் சாராத பொதிகளுக்கான பில்ட்-டிபெண்ட்ஸ்-இண்டெப் வரிக்கு அந்தத் தேவையை மாற்றுங்கள். நிரலை மட்டும் கட்டும்போது அந்த மூட்டை இறங்காது.